நாலு படிக்கு ஒரு பாதம்

எங்கள் ஏணித்தெருவில் பெண்ணை எடை பார்த்துத்தான் எடுப்பார்கள். நிறம், நகை, ஜாதகம் எல்லாம் பிறகு. மாப்பிள்ளை வீட்டார் வரும்போதே இருபத்து நாலு படி மூங்கில் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வருவார்கள்; பெண் வீட்டுச் சுவரிலேயே அதைச் சாத்தி, மாப்பிள்ளை உச்சிப்படி வரை ஏறி, சுண்ணாம்பு மட்டையால் சுவரில் மூன்று இழுப்பு இழுக்க வேண்டும்; பெண் அடிப்படியில் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்று, ஏணியின் கால்களைத் தன் கனத்தால் மண்ணில் அழுத்திப் பிடிக்க வேண்டும்; ஏணி நழுவாமல் நின்றால் வெற்றிலை மாற்றலாம், நழுவினால் காப்பிகூடக் குடிக்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் உளுந்தங்களியும் கருப்பட்டியும் தின்று வளர்ந்தவர்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க எங்களைத்தான் கூப்பிட வேண்டும்.

அப்படி எடுக்கப்பட்டவர்களில் பிரம்மசக்திக்கு நிகராக ஒருத்தி வந்ததில்லை. கல்யாணத்தின்போது ரைஸ்மில் தராசில் எழுபத்து நாலு கிலோ. எனக்கு அடுத்த வீடு. அவள் புருஷன் உச்சிமாகாளி, தெருவிலேயே கெட்டிக்கார ஏற்றக்காரன். ஏறினால் இறங்கும்வரை கீழே பார்க்கவே மாட்டான். "கீழ அவ நிக்கா, நான் என்னத்துக்குப் பாக்கணும்" என்பான். மற்ற ஆண்கள் மேலே போனதும் ஒரு தரமாவது எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் வைகுண்டம் மூன்று தரம் பார்ப்பார், எனக்கு அது கோபமாக வரும். சக்திக்கு அந்தக் கோபம் வந்ததே இல்லை. காலையில் அவனை ஏற்றிவிட்டு, முழுதாக இறக்கி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவதுதான் அவள் பிழைப்பு, பெருமை, பயம் எல்லாம். பதினாறு வருஷம் அப்படிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஏணி சாத்துவதற்கு எங்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு. நாலு படிக்கு ஒரு பாதம். இருபத்து நாலு படி ஏணி என்றால், சுவரோரத்திலிருந்து குதிகாலும் விரலும் முட்ட முட்ட ஆறு பாதம் வைத்து எண்ணி, ஆறாவது விரல் நுனியில் ஏணியின் கால் ஊன்ற வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் கால் வழுக்கும், உள்ளே வாங்கினால் தலை பின்னால் சாயும். அளக்க வேண்டியது ஏறுகிறவனின் பாதம். பெண் பாதம் ஏணிக் கணக்கில் சேராது என்று எந்தக் காலத்திலோ எவனோ சொல்லி வைத்ததை நாங்களும் தட்டியதில்லை.

இப்படி இருக்கையில் ஒரு பங்குனி மாதம், உத்திரம் கழிந்த மறுவாரம், எங்கள் கருங்காலங்குளம் ஸ்டேஷன் வழியாக அந்த வேக ரயில் ஓட ஆரம்பித்தது. வடக்கேயிருந்து தெற்கே போகும். தண்டவாளத்துக்குக் கிழக்கே, அதற்கு ஒட்டினாற்போல, வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது எங்கள் தெரு. தினமும் காலை பதினொன்று பத்துக்கு அது நிற்காமல் போகும்; போகும்போது தெருவில் இருக்கிற எல்லாமே, ஆளும் மாடும் கட்டிலும் குடமும், வடக்குத் தெற்காக ஒரு மயிரிழை குறுகும். உயரம் குறையாது, கிழக்கு மேற்காகவும் குறையாது, கனமும் குறையாது. ரயில் போகிற திசையில் மட்டும் குறையும், குறைந்தது திரும்ப வராது.

முதலில் கண்டுபிடித்தவள் தையல்காரி. மேற்கே ரயிலைப் பார்த்து நின்று வேடிக்கை பார்க்கிற பெண்களின் ஜாக்கெட் எல்லாம் தோளில் தொங்குகிறது என்று சொன்னாள். பிறகு கட்டில். தெருவோடு நீட்டிப் போட்ட கட்டிலில் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டது. அதே கட்டிலைக் குறுக்கே திருப்பிப் போட்டாலும் இழந்த நீளம் வரவில்லை. பிறகு ஏணிகள். சுவர் முளைகளில் தெருவோடு படுக்கப்போட்டிருந்த ஏணிகளை எடுத்துப் பார்த்தால் படிக்குப் படி இடைவெளி குறைந்து, குழந்தைகள் ஏறுகிற ஏணி மாதிரி ஆகியிருந்தது. அன்றே ஏணிகளையெல்லாம் எடுத்து, தெருவுக்குக் குறுக்கே, இந்த வீட்டு ஓட்டுக்கும் எதிர்வீட்டு ஓட்டுக்குமாகத் தலைக்கு மேலே போட்டுவிட்டோம். அது முதல் எங்கள் தெருவில் வெயில் படி படியாக விழுந்தது. அது அழகாக இருந்ததாகக்கூடச் சிலர் சொன்னார்கள்.

யாரும் பெரிதாகத் திகைக்கவில்லை. திகைப்பதற்கு நேரம் வேண்டும், எங்களுக்கு அதிகாலையிலும் சாயங்காலத்திலும் வேலை. வெயில் ஏறினால் சுண்ணாம்பு சுவரில் பிடிக்காமல் பொரிந்துவிடும் என்று பதினொரு மணிக்கு டீ குடிக்கத் தெருவுக்கு வருவோம், சரியாக அந்த நேரத்துக்கு ரயிலும் வரும். படுக்கையில் கிடந்த பெரியவர் ஒருவரைத் தலை வடக்கே வைக்கக் கூடாதென்று தெற்கே வைத்துப் படுக்கப்போட்டிருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து அவர் செத்தபோது பாடையில் ஒரு முழம் காலியாக இருந்தது. தூக்கியவர்கள் கனம் மட்டும் அப்படியே இருக்கிறது என்று சொல்லித் தோள் மாற்றினார்கள். அதற்குப் பிறகு நோயாளிகளைக் குறுக்கே படுக்கப்போட்டார்கள். அவர்கள் ஒடுங்கிப்போனார்கள், ஆனால் பாடை நிறைந்தது.

மனு கொடுத்தோம். ரயில் எங்கள் ஊரில் ஒரு நிமிஷம் நின்று போனால் போதும், நிற்கிற ரயில் யாரையும் குறுக்காது என்று எழுதிக் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து ஓர் அதிகாரி இரும்பு நாடாவோடு வந்தார். காலை பத்தரைக்கே நாடாவைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரித்து, அளவைக் குறித்துக்கொண்டார். ரயில் வந்தது, போனது. தெரு குறுகியது, நாடாவும் கூடவே குறுகியது. மறுபடி பார்த்துவிட்டு, "அப்படியேதானே இருக்கு" என்றார்.

"நாடாவைக் குறுக்கே பிடிச்சுப் பாருங்க சார், பழைய நாடா ஒண்ணு பக்கத்துல வச்சுப் பாருங்க" என்று சக்திதான் சொன்னாள்.

"எனக்குத் தெருவோட நீளத்தை அளக்கத்தான் உத்தரவும்மா. நாடாவை அளக்க உத்தரவு இல்லை" என்று அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். எங்கள் தெரு குறுகவில்லை என்பதற்கு இன்றும் அரசாங்கத்தில் காகிதம் இருக்கிறது.

மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம் எடுக்கிற எஸ்தர் டீச்சர் எங்கள் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவார். அவரை நிறுத்திக் கேட்டோம். அவர் குடையை மடக்கி, தலைக்கு மேலே குறுக்கே கிடந்த ஏணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேகமா போற பொருள், போற திசையில குறுகும்னு பாடத்துல இருக்கு" என்றார்.

"வேகமா போறது ரயிலுதான டீச்சர். அது குறுகட்டும். நாங்க என்ன செஞ்சோம்?" என்றேன் நான்.

"ரயில்ல இருக்கிறவங்க பக்கத்துலருந்து பாரு மாடத்தி. அவங்க சும்மா உக்காந்து காப்பி குடிச்சிட்டிருக்காங்க. ஓடுறது நீங்கதான்."

உட்கார்ந்த இடத்தில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு இது விளங்கவில்லை. டீச்சருக்கும் சங்கடமாக இருந்தது போலும், "ஆனா இந்த வேகத்துக்கு அது கண்ணுக்கே தெரியக் கூடாது. அணுவுக்கும் கம்மி. புறக்கணிக்கத்தக்கதுன்னு விட்டுருவோம்" என்றார்.

"அப்படின்னா என்ன டீச்சர்?" என்று கேட்டாள் சக்தி.

"இருக்கு, ஆனா கணக்குல சேக்க வேண்டாம்னு அர்த்தம்."

"எங்களத்தான?" என்றாள் சக்தி. டீச்சர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

சரி, குறுகுவது உறுதி, எப்படிக் குறுகுவது என்பதையாவது நாமே முடிவு செய்வோம் என்று தெருக்கூட்டம் போட்டார்கள். தெருத் தலைவர் சங்கிலிப்பூதம்தான் பேசினார். அவர் பேச ஆரம்பித்தால் காக்காய்கூட உட்கார்ந்து கேட்க வேண்டும். ரயில் வரும்போது மேற்கே பார்த்து நின்றால் தோள் குறுகும், வடக்கே பார்த்து நின்றால் நெஞ்சுத் தடிமனும் பாதத்தின் நீளமும் குறுகும், இரண்டில் ஒன்று போகத்தான் போகிறது; ஏணி சுமக்கிற ஆம்பிளைக்குத் தோள் போனால் குடும்பம் போச்சு; அதனால் ஆண்கள் வடக்கே பார்த்து நிற்க வேண்டியது, பெண்களுக்குத் தோள் என்னத்துக்கு, அவர்கள் மேற்கே பார்த்து நிற்க வேண்டியது என்று தீர்ப்பு சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். பாதம் போனால் என்ன போகும் என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. பாதத்தை வைத்தே அளந்து பிழைக்கிற சனம் நாங்கள், எங்களுக்கே அது தோன்றவில்லை.

அன்றிலிருந்து பதினொன்று பத்துக்கு ஸ்டேஷன் மணி அடித்தால், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஆண்கள் எல்லாம் வடக்கே பார்த்தும் பெண்கள் எல்லாம் மேற்கே பார்த்தும் நிற்போம். பால் குடிக்கிற பிள்ளையை ஆணா பெண்ணா பார்த்துத் திருப்பிப் பிடிப்போம். ரயில் போனதும் கிளாஸை எடுத்து மிச்ச டீயைக் குடிப்போம். நாங்கள் தோள் ஒடுங்கி, பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம் என்கிற மாதிரி ஆனோம். ஆண்கள் முன்னாலிருந்து பார்த்தால் ஆஜானுபாகுவாக இருப்பார்கள், பக்கவாட்டில் பார்த்தால் பலகை. கடையில் ஆண்களுக்குப் பையன்கள் செருப்பு வாங்கினோம். ஒரு வருஷம் போனது, இரண்டு வருஷம் போனது. ஏணிகள் முன்னைவிடச் செங்குத்தாக நின்றன, ஆனால் தெருவில் எல்லா ஏணியும் சேர்ந்து அப்படி நின்றதால் எல்லோருடைய கண்ணும் அதற்குப் பழகிவிட்டது. மேலே ஏறினால் நெஞ்சு சுவரில் இடிக்கிறது என்று வைகுண்டம் சொன்னார். "வயசாகுது, தொப்பை விழுந்திருக்கும்" என்றேன். அவருக்கு ஏது தொப்பை.

அந்த வருஷம் ஆனியில், எங்கள் தெருவின் தெற்குக் கோடியில் இருக்கிற ரைஸ்மில்லின் வடக்குச் சுவரில் ஒரு சிமெண்டு கம்பெனிக்கு விளம்பரம் எழுதுகிற வேலை வந்தது. வடக்கேயிருந்து வருகிற ரயிலுக்கு நேர் எதிரே முகம் காட்டுகிற சுவர் அது, ஊரிலேயே உயரம். முதலில் முழுச் சுவருக்கும் வெள்ளையடித்து, பிறகு மஞ்சள் பூச வேண்டும். உச்சிமாகாளியைத் தவிர யாருக்குக் கொடுப்பார்கள். நானும் வைகுண்டமும் அதே சுவரின் தாழ்ந்த பக்கத்தில் வேலை செய்தோம், அதனால் நடந்தது எல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

காலையில் அவன் சுவரோரத்தில் குதிகாலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணி ஆறாவது பாதத்தில் ஏணியின் காலை ஊன்றினான். சக்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, யாரும் கேட்காத குரலில்தான் பேச நினைத்தாள், ஆனால் எனக்குக் கேட்டது.

"இங்க பாருங்க, ஏணி நெட்டுக்குத்தா நிக்க மாதிரி இருக்கு. நான் என் காலை வச்சு ஒரு தரம் எண்ணட்டா?"

அவன் சிரித்தான். கோபமில்லை, அவள் மேல் அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "ஏட்டி, உன் காலு எதுக்கு இருக்கு? அடிப்படியில நிக்கதுக்கு. நீ நில்லு, நான் பாத்துக்கிடுதேன்" என்று வாளியை மாட்டிக்கொண்டு ஏறினான். அவளும் அடிப்படியில் ஏறி நின்றாள்.

பதினொன்று பத்துக்கு இறங்கி டீ குடித்தோம். மணி அடிக்கவில்லை. பதினொன்றரை ஆனது, ரயில் வரவில்லை. எங்கேயோ லேட்டு என்றார்கள். விளம்பர ஏஜெண்ட் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி, "மத்தியானத்துக்குள்ள வெள்ளை காயலைன்னா மஞ்சள் ஓட்டுறது எப்படி? உங்க ஊர் ரயில் வராட்டி நாளெல்லாம் வடக்கே பாத்து நிப்பீங்களோ?" என்றான். உச்சிமாகாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. மட்டையை எடுத்தான். சக்தி அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஏணியைப் பார்த்தாள், பிறகு அடிப்படியில் ஏறி நின்றாள்.

அவன் உச்சிப்படியில் நின்று, கூரை விளிம்பை எட்டுவதற்காக மட்டையை நீட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. இறங்க நேரமில்லை. ரயில் வந்தது. எல்லாம் ஒரு மயிரிழை குறுகியது. சுவரிலிருந்து ஏணியின் கால் வரை இருந்த தூரமும் அந்த ஒரு மயிரிழை குறுகியது. ஏணியின் தலை சுவரை விட்டு விலகியது. சட்டென்று இல்லை, யாரோ மரியாதையாகக் கூப்பிட்டு எழுந்து வருகிற மாதிரி மெதுவாக விலகியது. நடுவில் ஒரு கணம் ஏணி எதன் மேலும் சாயாமல் நேராக நின்றது, அவன் மேலே, அவள் கீழே. அவன் கீழே பார்க்கவில்லை. சக்தி தன் கனம் முழுவதையும் அடிப்படியில் இறக்கினாள், விரல்கள் படியைக் கவ்விப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். ஏணியின் கால் ஒரு நெல்லளவும் நகரவில்லை. தலைதான் அவளைத் தாண்டிப் பின்னால் போய், ஜல்லிக் குவியலில் விழுந்தது.

பேச்சு மூச்சில்லை. ஓடிப் போய்த் தூக்கியபோதே தெரிந்துவிட்டது. ஏணி சாய்ந்த வேகத்தில் சக்திக்குக் காரை எலும்பு முறிந்து ஒரு கை தொங்கியது, அவள் அதைக் கவனிக்கவில்லை. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். 

குளிப்பாட்டிக் கிடத்தி, பிணத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது, அந்த வெள்ளைத் துணியிலிருந்து இன்னொரு கீற்று கிழித்து, அவன் குதிகாலிலிருந்து விரல் நுனி வரை வைத்து முடிச்சுப் போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டாள் சக்தி. புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தோம்.

சாம்பல் கரைத்த மறுநாள் கூட்டம். எங்கள் தெருவில் ஏணி விழுந்தால் கேள்வி ஒன்றே ஒன்று, அளந்தவன் பிழையா, பிடித்தவள் பிழையா. சக்தி எல்லோரையும் மில் சுவருக்கு வரச் சொன்னாள். ஏணியின் கால்கள் ஊன்றிய இரண்டு குழியும் ஈர மண்ணில் உருளையாக, விளிம்பு கலையாமல் அப்படியே இருந்தன.

"பாருங்க மாமா. நான் பிடி விட்டிருந்தா கால் நழுவி மண்ணைக் கீறியிருக்கணும். கீறல் இருக்கா?" என்றாள் சங்கிலிப்பூதத்திடம்.

அவர் குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இல்லை" என்றார்.

அவள் இடுப்பிலிருந்து துணிக்கீற்றை எடுத்து, ஒற்றைக் கையால் சுவரோரத்திலிருந்து வைத்து வைத்து அளந்தாள். சரியாக ஆறு. ஆறாவது தரம் முடிச்சு குழியில் விழுந்தது. பிறகு தானே குதிகாலை வைத்து எண்ணினாள். நாலு பாதமும் கொஞ்சமும்தான் வந்தது.

"அவரு காலு குறுகிப்போச்சு மாமா. வடக்கே பாத்து நின்னு நின்னு குறுகிப்போச்சு. உங்க எல்லார் காலும்தான். எங்க காலு மேற்கே பாத்து நின்னதால நீளத்துல அப்படியே இருக்கு. ஆறு பாதம்னு நீங்க வைக்கிறது இப்ப நாலு பாதம். ஏணி நெட்டுக்கு நிக்கு. நெட்டுக்கு நிக்க ஏணியை அடியில எத்தன கிலோ வச்சு அமுக்கினாலும் தலை நிக்காது."

 ஆண்கள் தங்கள் பாதத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சிலர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். அந்த நிமிஷம் அவள் ஜெயித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

சங்கிலிப்பூதம் தொண்டையைச் செருமினார். "துணிக் கணக்குல எத்தன வந்துது?"

"ஆறு."

"ஏறுனவன் பாதம் ஆறு. விதி ஆறு. அப்ப அளவு சரி. அளவு சரியா இருந்து ஏணி விழுந்தா, பிடிதான் விட்டிருக்கு."

"கால் நகரலையே மாமா."

"கால் நகராம விழுந்த ஏணியை என் ஆயுசுல பாத்ததில்லை தாயி. விழுந்திருக்கு, அதனால நகந்திருக்கு. நமக்குத் தெரியலை, அம்புட்டுத்தான்."

அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள், பெண்களை. குறிப்பாக என்னை. நான் நெல்லளவும் நகராத ஏணிக் காலைக் கண்ணால் கண்டவள். அன்று காலையில்தான், வைகுண்டம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என் பாதத்தை அவர் பாதத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்திருந்தேன், அவருடையது மூன்று விரற்கடை குறைச்சல். சொல்லியிருக்கலாம். சொன்னால் தலைவர் தீர்ப்பு தப்பு, இரண்டு வருஷமாக எல்லா ஆண்களும் நின்ற நிலை தப்பு, இனி பெண் கால் வைத்து அளக்க வேண்டும். அதைச் சொல்கிறவள் நாளைக்குத் தன் ஏணி விழுந்தால் எங்கே போய் நிற்பாள். பயம்தான், வேறொன்றும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். என் பக்கத்தில் நின்றவர்களும் குனிந்துகொண்டார்கள்.

பிடி விட்டவள் என்று பெயர் விழுந்தால் எங்கள் தெருவில் அவளை ஏணிப் பக்கம் சேர்ப்பதில்லை. அவள் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் ஏணி தூக்கிக்கொண்டு வருவதுமில்லை, தாயின் பிடிதான் மகளுக்கும் வரும் என்பார்கள். சக்தியின் மகள் கோமுவுக்கு அப்போது பதினைந்து வயது. கூட்டம் முடிந்ததும் அவள் அம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியில் யாரும் அவர்களோடு பேசவில்லை. நான் அடுத்த வீட்டுக்காரி, நானும் பேசவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடச் சுவரில் வேலை. வைகுண்டம் ஆறு பாதம் எண்ணி ஏணியை ஊன்றிவிட்டு, சுண்ணாம்பு கலக்கப் போனார். ஏணி என் முன்னால் கம்பம் மாதிரி நின்றது.  சுற்றும் பார்த்துவிட்டு, என் பாதத்தால் ஆறு எண்ணி, ஏணியின் காலை அங்கே இழுத்து வைத்து, பழைய குழியை மண் போட்டு மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவளாக அடிப்படியில் ஏறி நின்றேன். அவர் வந்து ஏறினார். பாதி வழியில் நின்று, "இன்னைக்கு ஏணி நல்லா ஒக்காந்திருக்குடி. விதின்னா விதிதான்" என்றார்.

பிறகு கவனித்தபோது, எதிர்ச் சுவரில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள்; அவள் காலடியில் புதிதாக மண் மூடியிருந்தது. கோயில் மதிலில் வேலை செய்தவளின் முந்தானையில் ஏணிக்கால் சேறு. தெருவில் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆண்கள் அளந்துவிட்டுத் தண்ணீர் குடிக்கவோ வாளி எடுக்கவோ போகிற அந்த இடைவெளியில், எல்லாச் சுவரிலும் எல்லா ஏணிகளும் இரண்டு சாண் பின்னால் நகர்ந்தன. வருஷம் போகப் போக நாலு சாண் ஆனது.

இப்போது எட்டு வருஷம். உச்சிமாகாளிக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒருவரும் விழவில்லை. அதைச் சொல்லித்தான் சங்கிலிப்பூதம் ஒவ்வொரு கூட்டத்தையும் ஆரம்பிக்கிறார். "அளவு தப்புன்னா இத்தன வருஷத்துல இன்னொருத்தன் விழுந்திருக்கணுமா இல்லையா? விழலை. அப்ப யாரு தப்பு?" என்பார். எல்லோரும் சக்தியின் வீட்டுப் பக்கம் பார்ப்பார்கள். விழாத ஒவ்வொரு நாளும் அவள் மேல் ஒரு சாட்சியாக ஏறிக்கொண்டே போகிறது. கோமுவுக்கு இருபத்து மூன்று வயதாகிவிட்டது. நல்ல கனம், ஏணியை இரும்பாகப் பிடிப்பாள், ஆனால் அந்த வீட்டுச் சுவரில் ஏணி சாத்த யாரும் வரவில்லை.

போன மாதம் மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். எட்டு வருஷத்தில் முதல் தடவை. சக்தி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள், ஒடிந்த தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் எல்லோரும் நகர்த்தி வைக்கிறோம், அதனால்தான் யாரும் விழவில்லை, நீ சொன்னதுதான் நிஜம், எனக்கு அன்றைக்கே தெரியும் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

"எனக்கும் தெரியும்" என்றாள் அவள். "ரயில் பாலத்துலருந்து பாத்தா தெரியுதுல்லா, ஏணி எல்லாம் பழைய சாய்மானத்துல நிக்கது."

"கூட்டத்துல வந்து சொல்லிருதேன் சக்தி."

"சொன்னா நம்புவாங்களா? இனிமே ஒருத்தன் விழுந்தாத்தான் நான் சொன்னது நெசமாவும்." முறத்தை நிறுத்திவிட்டு, என் முகத்தை முழுசாகப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் அன்று மில் சுவரில் வேலைக்குப் போயிருந்தார், சாயங்கால வேலைக்கு நான் போய்ப் பிடிக்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும்.

"நாளைக்கு ஒரு நாள் நகத்தாம விட்டுப் பாரேன்" என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருந்தால் அது நியாயம்தான்.

அவள் முறத்தை மறுபடி எடுத்தாள். "மணி நாலாகப் போகுது மாடத்தி. அண்ணன் ஏணி சாத்தியிருப்பாரு. போ, போயி நகத்தி வையி."

நான் ஓடினேன்.